கேக்காட்டியும் கிடக்கட்டும்: வன்னிப் பயணக் கோவையியலுக்கு ஓர் அறிமுகம்

வன்னியிலிருந்து வெளிநாடு புறப்படுபவரின் கக்கத்தில் இருக்கும் பிளாஸ்ரிக் பைலைப் பற்றி இதுவரை எவரும் ஆய்வேடு எழுதியதில்லை. இரணைமடுக் குளத்தை அளந்தவர்களும் பண்டாரவன்னியன் நடுகல்லை ஆராய்ந்தவர்களும் இதைக் கண்டும் காணாமல் போயிருக்கிறார்கள். அக்குறையைப் போக்குவதே எம் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது, பேத்தியின் சாமத்தியச் சடங்குக்குச் சூரிச் போகும் புதுக்குடியிருப்புப் பெரியம்மா ஒருவரின் பைல். அகழ்ந்ததில் இரண்டு படைகள் தென்பட்டன. மேற்படையில் கேட்கப்படுபவை: கடவுச்சீட்டு, மகளின் அழைப்புக் கடிதம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி, வங்கிக் கணக்கு விபரம் (மிச்சக்காசு மருமகனின் தமையனிடம் இரவல், விசா கிடைத்ததும் திரும்பிவிடும்). கீழ்ப்படையில் எவரும் கேட்காதவை: ஜி.எஸ். தந்த வதிவிட உறுதிக் கடிதம், காணிப் பேர்மிற், கணவரின் மரணப் பதிவு, கிளினிக் கொப்பி, நாலாக மடித்து நடுவில் கிழிந்து ரேப் ஒட்டிய மெனிக் பாம் முகாம் அட்டை.

"பெரியம்மா, இதைச் சுவிஸ்காரன் கேப்பானோ?"

"கேக்காட்டியும் கிடக்கட்டும் தம்பி."

இத்துறையின் முதற்சூத்திரம் இதுவே. இதன் தோற்றக் காலம் பற்றிக் கிளிநொச்சிச் சந்தையடித் தேத்தண்ணிக் கடையில் கருத்து வேறுபாடு நிலவுகிறது. ஒரு சாரார் முறிகண்டிப் பிள்ளையாரிலிருந்து தொடங்குவர். ஏ-9 வீதியின் மிகப் பழைய நுழைவு நிபந்தனை அங்கேதான் இருக்கிறது: வாகனத்தை நிறுத்து, தேங்காய் உடை, கற்பூரம் கொளுத்து, பிறகு போ. கட்டணமும் இல்லை, மறுப்பும் இல்லை. போகும்போது கச்சானும் வாங்கலாம். உலகின் எந்தக் குடிவரவுத் திணைக்களமும் இன்னும் இந்தத் தரத்தை எட்டவில்லை.

மறுசாரார் சூத்திரம் பிறந்தது சோதனைச் சாவடியில் என்பர். எம் சாய்வும் அப்பக்கமே. போர்க்காலத்தில் புலிகளின் பகுதியை விட்டு வெளியேற ஒரு பாஸ், அதற்குப் பிணை நிற்க ஓர் ஆள். வவுனியாவுக்கு வந்தால் தங்க ஒரு பாஸ், கொழும்புக்குப் போக வேறொரு பாஸ். ஒரே தீவுக்குள் இத்தனை எல்லை கடந்தவருக்கு, எந்தக் கடதாசியை எவன் எப்போது கேட்பான் என்று ஊகிப்பது வீண் வேலை என்று விளங்கிவிட்டது. எல்லாவற்றையும் காவுவதே சிக்கனம். ஓமந்தைச் சாவடி 2015இல் எடுக்கப்பட்டது. பைல் இன்னும் எடுக்கப்படவில்லை.

இனி ஐரோப்பாவின் பங்களிப்பு. 2025 ஒக்டோபர் 12 முதல் சுவிஸ் உட்பட 29 நாடுகள் கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதைப் படிப்படியாகக் கைவிட்டு, குறுகிய காலம் தங்க வரும் வெளிநாட்டவரின் முகத்தையும் விரலையும் கணினியில் பதியத் தொடங்கின. செய்தி வந்ததும் அதிகம் பதறியது வன்னி அல்ல, ரொறன்ரோ. காரணம் நுட்பமானது. பெரியம்மா விசாவுக்கே பத்து விரலையும் கொடுத்தவர்; எல்லையில் அவரிடம் புதிதாக எடுப்பது முகப்படம் மட்டுமே, விரலை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். கனடியக் கடவுச்சீட்டுடன் விசா இல்லாமலே சூரிச்சில் இறங்கிப் பழகிய மச்சான்தான் வலக்கையின் நான்கு விரலையும் முதன்முறையாகக் கண்ணாடியில் வைக்க வேண்டியவர். பலமான கடவுச்சீட்டு வைத்திருந்தவருக்கே புதிய விதி புதினமாக இருந்தது என்பது எம் இரண்டாம் சூத்திரம்.

ஆனால் விரலுக்கும் வரலாறு உண்டு. நாற்பது வருடம் மண்வெட்டி பிடித்து, வெங்காயம் நட்டு, நெல் அரிந்த கையில் ரேகை தேய்ந்து போயிருக்கும். கொழும்பில் விசாவுக்கு விரல் கொடுத்த அன்று இயந்திரம் பெரியம்மாவின் பெருவிரலைத் திரும்பத் திரும்ப நிராகரித்தது. "இன்னும் அமத்துங்கோ அம்மா" என்றாள் அங்கே நின்ற பிள்ளை. பெரியம்மா விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்து, வாயால் ஊதி, பிலாக்கொட்டை நசிப்பதுபோல் அமத்தினார். பச்சை விளக்கு எரிந்தது.

தடைப் பட்டியல் விடயத்தில் வன்னிக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. பற்றரி, சீமெந்து, டீசல், உரம் எல்லாம் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் குடும்பம் நடத்தியவர்கள், சுவிஸுக்கு இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோக முடியாது என்றால் ஏன் என்றுகூடக் கேட்பதில்லை. சூட்கேஸிலிருந்து நெய்ப் போத்தல் அமைதியாக வெளியே வந்தது. அந்த இடத்தில் கறித்தூள் ஏறியது.

புதிய முறையின் ஒரே குறையைச் சொல்லி முடிக்கலாம். 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்கலாம் என்ற பழைய விதியை இப்போது கணினி தானே எண்ணுகிறது; ஆனால் முத்திரை இல்லாததால் நீங்கள் உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் கையில் அத்தாட்சி எதுவும் இருக்காது. கணினி பிழைவிட்டால் காட்ட ஏதாவது வேண்டும். ஆகவே போகும்போதும் வரும்போதும் தரும் போடிங் பாஸ் இரண்டையும் விமானத்திலேயே விட்டுவிட்டு வராதீர்கள்.