கரடியை விட்டால் கதியில்லையா?

கேள்வி: வீட்டிலேயே துணிப் பொம்மை தைத்து விற்கிறேன். கரடி, முயலைத் தாண்டிப் புதிதாக எதுவும் தோன்றவில்லையே!
- ஒரு வாசகி, சித்தூர்

பதில்: ஜெர்மனியில் மார்கரெட்டே ஸ்டைஃப் என்ற பெண்மணி 1880 வாக்கில் தைத்தது யானை வடிவ ஊசிமெத்தை. பிள்ளைகள் அதைப் பிடுங்கி விளையாட, அவருடைய பொம்மைத் தொழிலே பிறந்தது. அவருடைய சகோதரர் மகன் ரிச்சர்ட், ஸ்டுட்கார்ட் மிருகக்காட்சி சாலையில் கரடிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்து, 1902-இல் கைகால் அசையும் கரடியை வடிவமைத்தார். உங்களுக்குத் திருப்பதியிலேயே மிருகக்காட்சி சாலை இருக்கிறது. அவ்வளவு தூரம் எதற்கு? உங்கள் பக்கத்துப் புங்கனூர் மாடு சுமார் மூன்றடி உயரம்தான். ஆண்டவனே பொம்மை சைஸில் படைத்துவிட்டான். நீங்கள் பஞ்சு அடைத்தால் போதும்! சேஷாசலக் காட்டுப் பொன்னிறப் பல்லியையும் தைக்கலாம். வாங்க ஆள் பிடிப்பது உங்கள் சாமர்த்தியம்.

கேள்வி: பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாமே?
- ஒரு வாசகர், திருப்பதி

பதில்: 2021 ஜனவரி முதல் கட்டாயம். ஆனால் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு. முத்திரை இல்லாவிட்டாலும் கண்ணுக்குப் பட்டன் வைக்காதீர்கள், நூலால் தையுங்கள். குழந்தைகளின் தரப் பரிசோதனை வாயில்தான் நடக்கும்!