பத்துமணிப்பூப் படப்பிடிப்பு: ஒரு நுண்ணாராய்ச்சி

இயற்கை ஒளியில் தாவரங்களைப் படம் எடுப்பது பற்றி எழுதிய ஆசிரியர் பலரும் அதிகாலையும் அந்தியுமே உத்தமம், உச்சிவெயில் அதமம் என்று விதித்திருக்க, வன்னியின் ஸ்கந்தபுரத்து முற்றங்களில் உடைந்த வாளிகளில் வளரும் பத்துமணிப்பூ மட்டும் அவ்விதியைச் சற்றும் மதியாது, ஆறு மணிக்கு மொட்டாக உறங்கி, வெயில் ஏறிய பின்னரே விரிந்து, பிற்பகலில் மீண்டும் கூம்பிவிடுவது இத்துறையின் தலையாய சிக்கலாகும். தென்னமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியதற்கு இத்தனை பிடிவாதம் ஆகாதென்பது என் அபிப்பிராயம். ஆச்சியோ, "வெயில் வராமல் அது எப்பிடி விரியும், ராசா? போய்ப் படுத்திட்டு வா" என்று பூவின் பக்கமே பேசினார்.

பூக்கள் விரியும் வேளையைக் கொண்டே நேரம் அறியலாமென 1751இல் வகுத்தவர் சுவீடன் தேசத்துப் பண்டிதர் லின்னேயஸ். அவருடைய சித்தாந்தத்துக்கு வன்னியைப் போன்ற சோதனைக்களம் வேறெங்கும் வாய்த்திராது. கொழும்பு அரசாங்கம் 1996 மே மாதத்தில் கடிகாரங்களை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, ஒக்டோபரில் அரைமணி பின்னிழுத்து, 2006 ஏப்ரலில் பழைய இடத்திலேயே கொணர்ந்து நிறுத்தும்வரை, விடுதலைப் புலிகளின் நிர்வாகத்திலிருந்த பகுதிகளில் பழைய நேரமே வழங்கிற்று. ஆகவே அரசாங்க நேரம் வழங்கிய வவுனியாவில் பத்தரைக்கு விரிந்த பூ இங்கே பத்துக்கே விரிந்ததென்பது தர்க்கத்தால் பெறப்படும். சூரியன் ஒன்றுதானே என்று குறுக்கிடுவோர் ஆராய்ச்சிக்கு அருகதையற்றவர்.

காட்டுப் பூவாகிய கார்த்திகைப்பூவிடம் இந்தத் தொல்லை இல்லை. இலைநுனியையே கொழுகொம்பில் சுற்றி வேலியேறும் அது, மாரிகால முகிலின் மெல்லொளியில், நாளுக்கு நாள் மஞ்சளிலிருந்து சிவப்பாக மாறியபடி, எந்நேரமும் படத்துக்கு இசைந்து நிற்கும். ஆராய்ச்சிக்கு உகந்ததன்று.

பத்துமணிப்பூவோ முகில் மூடினால் விரியவே தயங்கும். சூரியன் இவ்வூர் உச்சிக்கு நேரே வரும் சித்திரை வருஷப்பிறப்புக் காலத்தில் இதழ்களெல்லாம் படத்தில் வெளிறி, தேனீயின் கால் பட்டதும் அதன் பக்கம் சாயும் மஞ்சட் கேசரங்கள் இருந்த இடமே தெரியாது போகும். இதற்குப் பரிகாரம் நாலுமுழ வேட்டி. அதைப் பூவுக்கு மேலே விரித்துப் பிடிக்க, வெயில் பாலாக வடிந்து இறங்கும். வேட்டி வழி வந்த ஒளி இயற்கை ஒளியாகுமா என்று வினவுவோருக்கு, பருத்தியும் தாவரமே என்பது விடை.

எனவே ஸ்கந்தபுரத்துக்கு எழுந்தருளும் அன்பர்கள் வேட்டியொன்றும், பிடிப்பதற்கு மருமக்கள் இருவரும் கொண்டு வருக; கமரா இங்கே இரவலாகக் கிடைக்கும்.