தண்ணீர் எந்தப் படியில் நின்றது

எங்கள் வகுப்பறையில் ரோத்தான் என்ற பிரம்புக்கென்று ஓர் ஆணி இருந்தது. கரும்பலகைக்கு வலப்பக்கம், திருவள்ளுவர் படத்துக்குச் சற்றுக் கீழே. காலையில் உள்ளே நுழையும்போது எல்லாப் பிள்ளைகளின் கண்ணும் முதலில் அங்கேதான் போகும். ரோத்தான் தொங்கினால் ஐயா இன்னும் வரவில்லை. ஆணி வெறுமையாக இருந்தால் வந்துவிட்டார், வராந்தாவில் எங்கேயோ நடந்துகொண்டிருக்கிறார். 1974இல், பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் ஒரு தமிழ்ப்பள்ளியின் மூன்றாம் வகுப்பில், ஒவ்வொரு நாளும் நான் படித்த முதல் பாடம் அந்த ஆணிதான்.

பள்ளிக் கட்டொழுங்கு பற்றிய 1959ஆம் ஆண்டு விதிகள், பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கும் உரிமை யாருக்கு என்று திட்டமாகச் சொல்கின்றன. தலைமையாசிரியருக்கு உண்டு, அவர் பொறுப்பு ஒப்படைத்த ஆசிரியருக்கு உண்டு. பையன்களை மட்டுமே அடிக்கலாம். பெண்பிள்ளைகள் மேல் பிரம்பு படக்கூடாது. ஆசிரியர் பயிற்சிக்குப் போன பிறகுதான் இதை நான் வாசித்தேன். வாசித்துவிட்டு என் கைமுட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். எங்களுக்குப் பிரம்பு இல்லாததால் மர அடிக்கோல் இருந்தது. அதன் தட்டைப் பக்கம் படாமல் விளிம்பு படும்படி ஐயா அடிப்பார்.

வீட்டில் சொல்ல முடியாது. சொன்னால் அங்கே இன்னொன்று விழும். பள்ளியில் சேர்த்த அன்று எங்கள் தெருவில் எல்லா அப்பாக்களும் சொல்லும் அதே வார்த்தையைத்தான் என் அப்பாவும் சொன்னார்: "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க ஐயா." அதில் கொடுமை எதுவும் அவருக்குத் தெரியவில்லை. தன்னால் கொடுக்க முடியாத ஒன்றை ஐயா கொடுப்பார் என்ற நம்பிக்கையில், மகளை முழுதாக ஒப்படைத்தார்.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து தொங்கானில் வரும் சரக்கை வெல்ட் கீ கரையில் இறக்கும் வேலை. பினாங்கு கட்டற்ற துறைமுகம் என்ற தகுதியை இழந்தபின் வேலை சுருங்கிக்கொண்டே வந்தது. வாரத்தில் சில நாள்தான் அழைப்பு வரும். 1972இல் பாயான் லெப்பாஸில் மின்னியல் தொழிற்சாலைகள் திறந்ததும் அம்மா அங்கே போனார். அப்பாவுக்கு மத்தியானச் சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் கொண்டுபோகும் பொறுப்பு எனக்கு வந்தது. பள்ளி விட்டு, வீட்டுக்குப் போய், சட்டியை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடுவேன். அங்கே படகுக்கு இறங்கும் கல் படிக்கட்டில் உட்கார்ந்து அப்பா சாப்பிடுவார்.

அந்தப் படிக்கட்டுதான் என்னைக் குழப்பியது. ஒரு நாள் தண்ணீர் மேல் படியை நக்கிக்கொண்டு நிற்கும். இன்னொரு நாள் அதே நேரம் போனால் கீழே, பாசி பிடித்த படிகளெல்லாம் வெளியே தெரியும். மழைக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. வகுப்பில் கடலைப் பற்றிய பாடம் வந்த அன்று எழுந்து கேட்டுவிட்டேன்.

"பாடத்துல இருக்கிறதை மட்டும் கேளு" என்றார் ஐயா. பிறகு அருகில் அழைத்தார். அடிக்கோல். அதிகப்பிரசங்கித்தனத்துக்கு இரண்டு.

அந்த ஐயாவைப் பற்றி இன்னொன்றையும் எழுத வேண்டும். அப்பா கால் முறிந்து படுத்திருந்தபோது அரிசிப் பையைச் சைக்கிளில் வைத்து வீடு தேடி வந்தவர் அவர்தான். வாசலிலேயே வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். எங்கள்மேல் அவருக்கு அக்கறை இல்லை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் அந்த அடிக்குப் பிறகு அவர் வகுப்பில் நான் எதையும் கேட்கவில்லை. அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். அவரும் என்னை நல்ல பிள்ளை என்றார்.

அடுத்த ஆண்டு ஒரு டீச்சர் வந்தார். முதல் வாரத்திலேயே ரோத்தானை அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டார். ஆணியில் நாள்காட்டி தொங்கியது. எங்களுக்கு முதலில் பிடிபடவில்லை. எதைப் பார்த்து நடந்துகொள்வது என்று தெரியாமல் இரண்டு வாரம் வகுப்பே சந்தைக்கடையாக இருந்தது. பக்கத்து வகுப்பிலிருந்து புகார் போனது. அவர் குரலை உயர்த்தவில்லை. வரிசை வரிசையாக வந்து, ஒவ்வொரு பிள்ளையிடமும் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், பள்ளி விட்டதும் எங்கே போவாய் என்று விசாரித்தார். நாற்பது பிள்ளைகள். பல நாள் பிடித்தது.

என் முறை வந்தபோது படிக்கட்டைப் பற்றிச் சொன்னேன். ஏன் கேட்கத் துணிந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டது நினைவிருக்கிறது.

டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்தார். "எனக்குச் சரியாத் தெரியலையேம்மா. நீ தினமும் அங்க போறதானே? பார்த்து வந்து எங்களுக்குச் சொல்றியா?"

ஓர் ஆசிரியர் 'தெரியலை' என்று சொல்லி அதுவரை நாங்கள் கேட்டதில்லை. அவருக்கு உண்மையில் தெரிந்திருக்கும் என்றே இப்போது நினைக்கிறேன். அன்று நான் அப்படியே நம்பினேன். எண்ணி எண்ணிக் கொடுக்கும் சுண்ணக்கட்டியில் ஒரு முழுக்கட்டியை என் கையில் வைத்து, தண்ணீர் நிற்கும் இடத்தில் கோடு போட்டு வரச் சொன்னார்.

போட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால் கோடு இல்லை. தண்ணீர் ஏறி அழித்துவிட்டது. அழுதுகொண்டே சொன்னபோது, "சரி, அப்ப அழியாம எப்படிக் குறிக்கலாம்?" என்று கேட்டுவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டார். அன்று மத்தியானம் படியிலேயே நின்று யோசித்தேன். மேலிருந்து எண்ணினால் போதும். எத்தனை படி காய்ந்திருக்கிறது என்று எண்ணி, அந்த எண்ணை மனத்தில் சுமந்து வந்தேன். கரும்பலகையின் ஓரத்தில் டீச்சர் எனக்கொரு கட்டம் போட்டுக் கொடுத்தார். தினமும் ஓர் எண்ணை நானே எழுதினேன். அந்த மூலையை யாரும் அழிக்கக்கூடாது என்பது வகுப்பின் சட்டமானது. எண்கள் ஏறின, பிறகு இறங்கின. ஏழெட்டு நாளில், மேல் படியில் நின்ற தண்ணீர் அதே நேரத்துக்குக் கீழே போயிருந்தது. கரையிலிருந்த கிழவர் ஒருவர், நீர் முழுதாக ஏறும் நேரம் நாளுக்கு முக்கால் மணி, ஒரு மணி தள்ளிப்போகும் என்றார். அதையும் வந்து சொன்னேன்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அவன் அப்பா இரவில் சினிமாக் கொட்டகை வாசலில் கச்சான் பூத்தே என்ற கடலை விற்பவர். இவனும் கூடப் போய்க் காகிதச் சுருள் மடித்துக் கொடுத்துவிட்டு, பகலில் வகுப்பில் தூங்குவான். முந்தைய ஆண்டு அந்த ரோத்தானை அவனளவுக்கு அறிந்தவர் வேறு யாருமில்லை. "நிலாவும் அப்படித்தான் டீச்சர்" என்றான். "படம் விடுற நேரத்துக்கு ஒரு நாள் கூரைக்கு மேல நிக்கும். மறுநாள் அதே நேரத்துக்கு இன்னும் கீழதான் நிக்கும். தினமும் லேட்டா வருது."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எங்கள் இருவரையும் முன்னால் அழைத்து, நிலா கடலை இழுப்பதைப் பற்றிச் சொன்னார். நாளொன்றுக்கு இரண்டு முறை நீர் ஏறுவது, இரண்டு முறை இறங்குவது, நிலாவைப் போலவே ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தினமும் பிந்துவது. அந்தச் சனிக்கிழமை வகுப்பு முழுவதையும் நடத்தியே எஸ்பிளனேட் கடல் சுவருக்குக் கூட்டிப் போனார். கச்சான் பூத்தே பையன்தான் முன்னால் நடந்தான். அந்த ஆண்டில் அவன் வகுப்பில் தூங்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். தூங்கினால் டீச்சர் விட்டுவிடுவார். விழித்ததும் விட்ட பாடத்தைச் சொல்லிக் கொடுப்பார்.

கடல் சுவருக்குப் போகும் வழியில் ஃபார்குவார் தெருவைத் தாண்டினோம். இன்று மாநில அருங்காட்சியகம் என்று நாம் அறிந்த கட்டடம் பழைய பினாங்கு ஃப்ரீ பள்ளியுடையது. 1816 அக்டோபர் 21இல் பாதிரியார் ஹட்சிங்ஸ் அந்தப் பள்ளியைத் தொடங்கியபோது அதில் தமிழ் வகுப்பும் இருந்தது. மலேசியத் தமிழ்க்கல்வியின் வயதை நாம் அந்த நாளிலிருந்துதான் எண்ணுகிறோம். 2016இல் 200 ஆண்டு நிறைவைக் கொண்டாடினோம். எந்த இனத்துப் பிள்ளைக்கும் எந்தச் சமயத்துப் பிள்ளைக்கும் கதவு திறந்திருக்கும் என்பதே அந்த 'ஃப்ரீ'யின் பொருள். கொண்டாட்ட மேடையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்தச் சொல்தான் ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறந்து 200 ஆண்டாகிவிட்டது. உள்ளே வந்த பிள்ளை வாயைத் திறக்க எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது!

நானும் ஆசிரியையானேன். அந்த டீச்சரைப் போல ஆக வேண்டும் என்பதற்காகவே ஆனேன். 1990களின் இறுதியில் எங்கள் தமிழ்ப்பள்ளிகளில் ஒரே மந்திரம் 'ஏழு ஏ'. 1988இல் வந்த யூ.பி.எஸ்.ஆர். என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் அப்போது எங்களுக்கு ஏழு தாள்கள். எந்தப் பள்ளியில் எத்தனை பேர் ஏழு ஏ என்று பத்திரிகையில் படம் வரும். தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பலாமா வேண்டாமா என்று பெற்றோர் அந்தப் படங்களைப் பார்த்து முடிவு செய்தார்கள். மாணவர் குறைந்தால் பள்ளிக்கே ஆபத்து என்ற பயம் எங்களுக்கு. அந்தப் பயம் பொய்யில்லை.

1999. பெருநிலத்தில் ஒரு பள்ளி, ஆறாம் ஆண்டு. ஒரு பையன் தினமும் காலையில் என் மேசைக்கு வந்து, முந்தின மாலை கால்வாயில் பிடித்த சண்டை மீனைப் பற்றிச் சொல்வான். போத்தலில் வளர்க்கிறான். எந்த மீனுக்கு எந்த நிறம் ஏறியது, இரண்டு போத்தலையும் பக்கத்தில் வைத்தால் எது முதலில் செவுளை விரிக்கிறது, எல்லாம் சொல்வான். தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தபோது மூன்று நாள் தொடர்ந்து பயிற்றியை எழுதாமல் வந்தான். மூன்றாம் நாள் மேசையில் கிடந்த அடிக்கோலை எடுத்தேன். கையை நீட்டச் சொன்னேன். நீட்டினான். ஒரே ஓர் அடி.

மறுநாள் பயிற்றி முழுதாக எழுதியிருந்தது. மேசையில் வைத்துவிட்டு இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். மீனைப் பற்றி அவன் பிறகு பேசவே இல்லை. நானே ஒரு நாள் கேட்டேன். "இருக்கு டீச்சர்" என்றான், அவ்வளவுதான். தேர்வில் தமிழில் ஏ எடுத்தான். தலைமையாசிரியர் என்னைக் கூட்டத்தில் பாராட்டினார். அந்தக் கைதட்டலின் நடுவே என் கைமுட்டி வலித்தது என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள், ஆனால் எனக்கு அப்படித்தான் இருந்தது. மூன்றாம் வகுப்பில் என்னை நல்ல பிள்ளையாக்கிய அதே முறையில் நானும் ஒருவனை நல்ல பிள்ளையாக்கியிருந்தேன்.

அதற்குப் பிறகு என் மேசையில் அடிக்கோல் இல்லை. என்ன செய்யலாம் என்று தேட ஆரம்பித்தேன். டோட்டோ-சான் புத்தகத்தைத் தமிழில் வாசித்தேன். தோக்கியோவில் 1937இல் ரயில் பெட்டிகளை வகுப்பறையாக்கிப் பள்ளி தொடங்கிய கோபயாஷி, வேறு பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட ஒரு சிறுமியை முதல் நாளே நான்கு மணி நேரம் பேச விட்டுக் கேட்டார். 1945 குண்டுவீச்சில் அந்தப் பள்ளி எரிந்துபோனது. அந்தச் சிறுமி வளர்ந்து பெரியவளான பிறகும் அந்த நான்கு மணி நேரத்தை மறக்கவில்லை. பிறகு சென்னைக்குப் போயிருந்தபோது ஒரு மாநகராட்சிப் பள்ளியில் செயல்வழிக் கற்றலைப் பார்த்தேன். ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான முறையை, விஜயகுமார் என்ற அதிகாரியின் முயற்சியில் 2003இல் மாநகராட்சிப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சில ஆண்டில் தமிழ்நாடு முழுவதும் பரவியது. அட்டைகள், ஏணிப்படி, பிள்ளைகளின் உயரத்துக்குச் சுவரில் தாழ்வாகப் போட்ட கரும்பலகை எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. ஆசிரியை பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு சிறுமி பேசிக்கொண்டே அவர் முந்தானையின் நுனியைத் தன் விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் படித்த வகுப்பிலோ நடத்திய வகுப்பிலோ அப்படி ஒரு பிள்ளையைப் பார்த்ததில்லை.

இப்போது எங்கள் பள்ளிகளில் மேசைகள் குழு குழுவாகப் போடப்பட்டிருக்கின்றன. முதல் மூன்று ஆண்டுகளுக்கான தேர்வுகள் 2019இல் போயின. 2021 ஏப்ரலில் யூ.பி.எஸ்.ஆரையே எடுத்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. என் வாழ்நாளில் வராது என்று நினைத்திருந்த செய்தி. அன்று இரவு பெற்றோர்களின் புலனக் குழுவில் ஒரு கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது: "தேர்வு இல்லாட்டி பிள்ளைங்க எப்படிப் படிப்பாங்க?" தோலை உரிக்கச் சொன்ன என் அப்பாவின் குரல் அதில் எனக்குக் கேட்டது. அதே அன்பு, அதே கலக்கம். சிலர் அந்த மாதமே டியூஷன் வகுப்பைத் தேடிப் போனார்கள். வகுப்பறை மதிப்பீட்டில் ஒன்றிலிருந்து ஆறு வரை அடைவுநிலை கொடுக்கிறோம். "நாலுன்னா எத்தனை மார்க் டீச்சர்?" என்று கேட்கிறார்கள்.

அவர்களிடம் எனக்குக் கோபமில்லை. நம்பிக்கையை நாம் அறிவிப்பாகக் கொடுத்தோம், பழகுவதற்கு நாள் கொடுக்கவில்லை. ஆசிரியர்களுக்கும்தான். பிள்ளையோடு உட்கார வேண்டிய நேரத்தை, உட்கார்ந்ததற்கான பதிவுகள் எடுத்துக்கொள்கின்றன. நான்காம் வகுப்பை ஒரு சனிக்கிழமை கடல் சுவருக்கு நடத்திப் போக இன்று எத்தனை கடிதங்கள் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவற்றில் பாதி பிள்ளையின் பாதுகாப்புக்கு, அது வேண்டியதே. மீதிப் பாதியைக் குறைக்க மேலே இருப்பவர்கள் மனம் வைக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன். ஆணியிலிருந்து ரோத்தானை எடுத்தாகிவிட்டது. அந்த டீச்சர் செய்ததுபோல வரிசை வரிசையாக வந்து விசாரிக்க ஓர் ஆசிரியருக்குப் பல நாள் வேண்டும். அந்த நாட்களை அவருக்குக் கொடுங்கள்.

2023 மார்ச்சில் புதிய பள்ளி ஆண்டின் முதல் நாள். தீவில், நான் ஓய்வு பெறுவதற்கு முன் வேலை செய்த கடைசிப் பள்ளி. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளோடு பெற்றோர்கள் வாசலில் நின்றார்கள். ஓர் அப்பா தன் மகனின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்தார். முடியில் அங்கங்கே நரை. முகத்தைவிட அவர் கையை நீட்டிய விதத்தில்தான் எனக்குத் தெரிந்துவிட்டது.

"டீச்சர், இவன் கொஞ்சம் நிறையப் பேசுவான்" என்றார். மகனின் தலையில் கை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார். "பேச விடுங்க டீச்சர்."

இருபத்து நான்கு ஆண்டு தொண்டைக்குள் இருந்த மன்னிப்பை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. "அந்த மீனெல்லாம் என்னாச்சு தம்பி?" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பையைத் தோளிலிருந்து இறக்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்தார்.

"பச்சை வாலு ஒண்ணு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா டீச்சர்?"