கடலிற் பிழைத்தான் கதையும் கதலியின் மிதப்பும்: ஒரு பூர்வாங்க ஆய்வு

கடலில் தப்பிப் பிழைத்தவர்களைப் பற்றி நாவல்கள் நிறைய உண்டு. அந்த நாவல்களைப் பற்றிய கூட்டங்களில் தப்பிப் பிழைத்தவர்களைப் பற்றி இதுகாறும் எவரும் ஆராய்ந்திலர். அக்குறை களைய எழுந்தது இச்சிறு முயற்சி.

ஆய்வுக்களம் எங்கள் ஊர்க் கிளை நூலக வாசகர் வட்டம். எடுத்துக்கொண்ட நூல் யான் மார்ட்டெலின் 'லைஃப் ஆஃப் பை' (2001, மறு ஆண்டு புக்கர் பரிசு). பை என்னும் புதுச்சேரிப் பையன் ஒருவன் வங்கப்புலியோடு பசிபிக் கடலில் 227 நாள் கிடக்கிறான். வட்டம் ஒன்றே முக்கால் மணி நேரம் கிடந்தது. வாசலில் 'பையை வெளியே வைக்கவும்' என்று பலகை இருப்பதால் கூட்டத்தை வராந்தாவில்தான் நடத்த வேண்டும் என்றொரு கட்சி உண்டு, விரிவஞ்சி விடுத்தாம்.

வட்டத்தார் மூவகைப்படுவர். நூலைப் படித்தவர் ஒருவர். ஆங் லீ எடுத்த படத்தை (2012) பார்த்தவர் எழுவர். மழைக்கு ஒதுங்கியவர் மூவர். அதிகம் பேசியவர்கள் இந்த மூவரே. நூலைத் தொடாதவர்களுக்குக் காய்தல் ஏது, உவத்தல் ஏது? மூலத்தைத் தொடாமல் உரைக்கு உரை எழுதுவது நம் பல்கலைக்கழகங்களில் சம்பளத்துக்கு நடக்கிறது. இவர்கள் ஆளுக்கொரு வடைக்குச் செய்தார்கள்.

இனி வாழைப்பழம். கதையில் ஓர் ஒராங்குட்டான் வாழைப்பழக் குவியல்மேல் மிதந்து வந்து படகேறுகிறது. பின்னால் விசாரிக்க வரும் ஜப்பானியர்கள், வாழைப்பழம் மிதக்காது என்கிறார்கள். தொட்டியில் போட்டுப் பார்க்கச் சொல்கிறான் பை. போடுகிறார்கள், மிதக்கிறது, ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். ஆராய்ச்சி நெறி அறியாதவர்கள்! என்ன ரகம் என்று கேட்டார்களா?

பூவன் மிதக்கும், நேந்திரம் அமிழும் என்ப (ஜன்னலோரத்தார், வாய்மொழி). இரண்டும் மிதக்கும் என்ப (மேற்படியார், டீக்குப் பின்). பழத்தைவிடக் காம்பே முக்கியம் என்ப (கதவோரப் பெரியவர், தம் மருமகனிடம் போனில் கேட்டது, மருமகன் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டது, மூன்றாம் அழைப்பு, நடுவே சிக்னல் போய்ச் சிதைந்த பாடம்).

தரை துடைக்கும் வாளி வந்தது. எதிர்க்கடையில் வாங்கிய பூவன் மிதந்தது. இது நல்ல தண்ணீர், கடல்நீர் அன்று எனத் தடை எழுப்பினார் ஒருவர். உப்பைக் கலந்தால் மிதப்பு கூடுமே தவிரக் குறையாது என்று விடை கூறப்பட்டது. ஆயினும் யாரோ ஒருவர் மதியச் சாப்பாட்டிலிருந்து ஊறுகாயைக் கலந்தார். உரித்த பழமா உரிக்காத பழமா என்ற அடுத்த வினாவுக்குள் மழைக்கு ஒதுங்கியவர்கள் மிச்சச் சான்றுகளைத் தின்றுவிட்டனர்.

இந்த இடைவெளியில் நூலைப் படித்தவர் வாய் திறந்தார். புலியின் பெயர் ரிச்சர்ட் பார்க்கர். எட்கர் ஆலன் போ 1838இல் எழுதிய நாவலில் கப்பல் கவிழ்ந்து, சீட்டுப் போட்டு, கூட இருந்தவர்கள் தின்பது ஒரு ரிச்சர்ட் பார்க்கரை. 1884இல் 'மிக்னோனெட்' என்ற படகு நிஜமாகவே மூழ்கியபோது, பசியில் மற்றவர்கள் கொன்று தின்ற 17 வயதுப் பையன் பெயரும் ரிச்சர்ட் பார்க்கர்தான். அப்படியானால் படகில் இருந்தது புலிதானா என்று கேட்டு நிறுத்தினார்.

"அது இருக்கட்டும் சார்," என்றார் ஜன்னலோரத்தார், "மொந்தனைப் போட்டுப் பார்க்கவே இல்லையே?"

அடுத்த மாதம் ஹெமிங்வேயின் 'கடலும் கிழவனும்'. 84 நாள் மீனே படாத கிழவனுக்குக் கடைசியில் சிக்கிய மீன் குழம்புக்கா, வறுவலுக்கா என்று இப்போதே இரு கட்சி. வாளி தர முடியாது என்று நூலக உதவியாளர் சொல்லிவிட்டார்.