அரும்பு, மொட்டு, செக்கிங்

தமிழக அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிப்பதால், ஆசிரியர் ஒரு குழுவுக்கு எழுத்தைக் கற்பிக்கையில் மற்றவை பயிற்சிநூலோடு தாமே இயங்க நேர்வதைத் தன்கற்றல், அதாவது ஆசிரியரின் உடனடித் துணையின்றிப் படித்தல், எனலாம். பனியன் தயாரிப்பில் கட்டிங், ஓவர்லாக், செக்கிங் என வேலையைப் பிரித்தே பழகிய திருப்பூருக்கு இந்தப் பிரிவினை புதிதன்று. ஆயினும் பனியன் கம்பெனியில் செக்கிங்குக்குத் தனி ஆள் உண்டு, பள்ளியிலோ கற்பிப்பவரே அதையும் பார்த்து, மதிப்பீட்டைச் செயலியிலும் பதிவேற்ற வேண்டியிருப்பதால், இணைய இணைப்புக்காக அவர் காத்திருக்கும் பொழுதில்தான் தன்கற்றல் முழுமை எய்துகிறது. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தொழிலாளியின் குழந்தைக்கு அப்போது எழுத்தைக் காட்டித்தருவது பக்கத்து இருக்கைக் குழந்தையே. அந்தப் பணிக்கு அரசாணையும் இல்லை, பீஸ் ரேட்டும் இல்லை.