திட்டுவதற்கு ஆளில்லாத கட்டணம்

விலையேற்றத்தைப் பொருளியல் நூல்கள் தேவை, வழங்கல் என்னும் இரண்டு கோடுகளைக் கொண்டு விளக்கி முடித்துவிடுகின்றன என்றாலும், பெங்களூரு ஆஸ்டின் டவுனில் அதற்கு மூன்றாவதாக ஒரு கூறு நெடுங்காலம் வழக்கில் இருந்தது. விலையை ஏற்றியவரை வாசற்படியில் நிறுத்தி வைத்துத் திட்டும் உரிமையே அது. இணையவழித் திரைச் சேவைகளின் சந்தா கூடிக்கொண்டே போவதைப் பற்றி இப்பகுதி மக்களிடையே நிலவும் மனக்குமுறலை ஆராய்வோர், ரூபாய்க் கணக்கை மட்டும் பார்த்தால் பாதியைத்தான் அறிவார்கள். மீதிப் பாதி இந்த உரிமை பறிபோனதில் அடங்கியிருக்கிறது.

ரிச்மண்ட் டவுன், விவேக் நகர், நீலசந்திரா ஆகியவற்றுக்கு நடுவே அமைந்த ஆஸ்டின் டவுன், தமிழும் கன்னடமும் உருதுவும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்துக்குள் சண்டையின்றிக் குடியிருக்கும் இடமாகும். 1894இல் வெளிவந்த கன்னட–ஆங்கில அகராதியைத் தொகுத்த ஜெர்மானியப் பாதிரியார் ஃபெர்டினாண்ட் கிட்டலின் நினைவாக இதற்குக் கிட்டல் நகர் என்று பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி ஆட்டோவைக் கூப்பிட்டவர்கள் இறுதியில் ஆஸ்டின் டவுன் என்று சொல்லித்தான் வீடு சேர்கிறார்கள். மேலிருந்து அறிவிக்கப்படும் எதையும் தன் வசதிக்கேற்ப ஏற்கும் இந்தப் பகுதி, கட்டணத்தையும் அப்படியே நடத்திப் பழகியது.

அப்பழக்கத்தின் ஆவணச் சான்றாகக் கேபிள் அட்டை என்னும் பொருளைக் குறிப்பிடலாம். உள்ளங்கை அளவில், பெரும்பாலும் மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில், பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு கட்டங்கள் போடப்பட்ட இந்த அட்டை, தினசரி நாள்காட்டி தொங்கும் ஆணியிலேயே செருகப்பட்டிருக்கும். மாதத்தின் முதல் வாரத்தில் வசூலுக்கு வரும் இளைஞர் அக்கட்டத்தில் ஒரு கிறுக்கலைப் போட்டுவிட்டுப் பணத்தைப் பெறுவார் என்பது ஏட்டளவிலான நடைமுறை. நடந்ததோ வேறு. "என்னப்பா, கே டிவி ரெண்டு நாளா புள்ளி புள்ளியா வருது, காசுக்கு மட்டும் கரெக்டா வந்துடுற?" என்பது வீட்டுத் தலைவியின் தொடக்க உரை, "மேல ஏத்திட்டாங்கக்கா, நான் என்ன பண்றது?" என்பது மறுதரப்பின் நிலையான வாதம். அந்த 'மேல' யார், எங்கே இருக்கிறார், அவருக்கு யார் ஏற்றினார்கள் என்பதை எவரும் விசாரித்ததில்லை, விசாரிக்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை. ஏனெனில் இருபது ரூபாய் குறைத்துக்கொள்வது, பத்தாம் தேதிக்கு மேல் வரச் சொல்வது, போன மாதப் பாக்கியை மறந்ததுபோல் இருப்பது ஆகிய மூன்றில் ஒன்று உறுதியாக நடந்துவிடும். திட்டு என்பது இங்கே கட்டணத்தின் ஒரு பகுதியாகவே செலுத்தப்பட்டது எனலாம். அதைக் கழித்துப் பார்த்தால் கேபிள் தொழிலின் உண்மையான வருமானம் எவ்வளவு என்பது யாருக்கும் விளங்காது.

இந்த ஏற்பாட்டின் மீது முதல் அடி 2019 பிப்ரவரி 1 அன்று விழுந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த புதிய கட்டண முறையில், நூறு அலைவரிசைகளைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கான கூலி 130 ரூபாய் எனவும், அதற்கு மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி எனவும் வரையறுக்கப்பட்டதால், அடிப்படைக் கட்டணம் 153 ரூபாய் 40 காசு என்று வந்து நின்றது. 25 காசும் அதற்குக் கீழுள்ள நாணயங்களும் 2011இலேயே செல்லாதவையாகிவிட்ட நாட்டில் அந்த நாற்பது காசை எதைக் கொண்டு கொடுப்பது என்னும் கேள்விக்கு ஆணையத்தின் உத்தரவில் இடம் இல்லை. பிடித்த அலைவரிசைக்கு மட்டும் பணம் கட்டினால் போதும் என்று அறிவிக்கப்பட்ட இம்முறையில், பிடித்தவற்றை எல்லாம் கூட்டிப் பார்த்த பல வீடுகள், பிடிக்காதவையும் சேர்ந்து வந்த பழைய கட்டணமே குறைவு என்று கண்டுகொண்டன.

இந்தச் சலிப்பான வேளையில்தான் ஓடிடி, அதாவது கேபிள் கம்பிக்கோ கிண்ண ஆன்டெனாவுக்கோ உரிமை கொண்டாடும் இடைத்தரகர் எவரும் இல்லாமல் இணையத்தின் மேலாக நேரே வந்து இறங்கும் ஒளிபரப்பு, மீட்பராகத் தோன்றியது. ஹாட்ஸ்டார் 2015இலும், நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் மாதம் 500 ரூபாயில் தொடங்கியும், அமேசான் பிரைம் அதே ஆண்டில் ஆண்டு முழுவதற்கும் 499 ரூபாய் என்னும் நம்பமுடியாத விலையிலும் முன்பே வந்து சேர்ந்திருந்தன. பொருளியலில் இதற்கு ஊடுருவல் விலை என்று பெயர்; நட்டத்துக்கு விற்று வாடிக்கையாளரைப் பழக்கிவிட்டு, பழக்கம் முற்றியபின் கணக்கை நேர்செய்துகொள்ளும் உத்தி அது. பிரைம் 499 ரூபாயிலிருந்து 2017இல் 999 ரூபாய்க்கும், 2021 டிசம்பர் 14 முதல் 1,499 ரூபாய்க்கும் உயர்ந்தது. வேடிக்கை என்னவெனில், அதே டிசம்பர் 14 அன்றுதான் நெட்ஃபிளிக்ஸ் தன் அடிப்படைத் திட்டத்தை மாதம் 499 ரூபாயிலிருந்து 199 ரூபாய்க்கு இறக்கியது. இரண்டையும் வைத்திருந்த ஒரு வீடு ஒரு பக்கம் ஆண்டுக்கு 500 ரூபாய் கூடுதலாக இழந்து, மறுபக்கம் மாதத்துக்கு 300 ரூபாய் மிச்சம் பிடித்தது என்பதால், நடுநிலையோடு கணக்கிட்டால் அன்று மாலை ஆஸ்டின் டவுனில் பாயசம் வைத்திருக்க வேண்டும். எவரும் வைத்ததாகத் தெரியவில்லை. இறங்கிய விலையைப் பாராட்டும் வழக்கம் தமிழ்ப் பண்பாட்டில் வேரூன்றவில்லை. தக்காளி கிலோ பத்து ரூபாய்க்கு வந்தால்கூட அதை விளைவித்தவன் பாவம் என்றுதான் பேச்சு போகுமே தவிர, விற்பவரை வாழ்த்தியதாக வரலாறு இல்லை.

அந்த 199 ரூபாய்க்கு ஒரே நேரத்தில் ஒரே திரைதான் என்னும் நிபந்தனை அடிக்குறிப்பில் இருந்தது. தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணும் எண்ணம் அதுவரை ஒளிபரப்பை விற்ற எவருக்கும் உதித்ததில்லை. 2013இல் 'விஸ்வரூபம்' படத்தை டிடிஎச் வழியாக 1,000 ரூபாய்க்கு வீட்டுக்கே கொண்டுவரக் கமல்ஹாசன் திட்டமிட்டபோது, திரையரங்க உரிமையாளர்கள் கொதித்தெழுந்ததற்குக் காரணமும் அதுவே: ஆயிரம் ரூபாய் கட்டிய கூடத்தில் பக்கத்து வீட்டார், மேல்வீட்டார், ஊரிலிருந்து வந்த மாமா குடும்பம் என எத்தனை தலைகள் சேரும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

தலைகளை எண்ணும் பணி 2023 ஜூலையில் முறைப்படி தொடங்கியது. கடவுச்சொல்லைப் பகிர்வதே அன்பு என்று 2017இல் சமூக ஊடகத்தில் கொஞ்சிய அதே நெட்ஃபிளிக்ஸ், ஒரு கணக்கு ஒரு வீட்டாருக்கு மட்டுமே என்று இந்திய வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. வீட்டார் என்போர் யாவர் என்னும் கேள்வியில் இங்கே மானிடவியல் குறுக்கிடுகிறது. ரேஷன் அட்டையின்படி ஒரே அடுப்பில் சமைத்து உண்போர் ஒரு குடும்பம். சொத்து வழக்குகளின்படி ஒருவரையொருவர் நீதிமன்றத்துக்கு இழுத்தவர்களும் ஒரு குடும்பம். நிறுவனத்தின்படியோ ஒரே இணைய இணைப்பில் தொங்கும் கருவிகளின் உடைமையாளர்களே குடும்பம். இதனால், நீலசந்திராவுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்ட மகள், அண்ணன் வீட்டுக் கணக்கில் படம் பார்க்கும் உரிமையை இழந்தாள். அதே சமயம், மாடியில் இரண்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் ஓரகத்தி, மாடிப்படித் திருப்பத்தில் பொருத்தப்பட்ட ரவுட்டரின் அருளால் குடும்ப உறுப்பினராக உறுதிசெய்யப்பட்டாள். உறவு முறைகளைப் பற்றி இவ்வளவு துணிச்சலான தீர்ப்பை எந்தப் பஞ்சாயத்தும் வழங்கியதில்லை.

விலையை ஏற்றாமலேயே ஏற்றும் கலையும் இக்காலத்தில் வளர்ந்தது. 2025 ஜூன் முதல் பிரைம் வீடியோவில் விளம்பரங்கள் இடம்பெறத் தொடங்கின; அவை வேண்டாதவர் ஆண்டுக்கு 699 ரூபாயோ மாதத்துக்கு 129 ரூபாயோ கூடுதலாகக் கட்டலாம் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. நேற்றுவரை இருந்த நிலையை இன்று தனியாக விலைகொடுத்து வாங்க வேண்டும் என்பதை நிறுவனங்கள் வாடிக்கையாளருக்கு அளிக்கப்படும் தேர்வுரிமை என்று விவரிக்கின்றன.

இவ்வளவுக்கும் காரணம் பேராசை மட்டுமே என்று சொல்லிவிடுவது நியாயமாகாது. 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமைகள் 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போயின. இந்தியாவுக்கான தொலைக்காட்சி உரிமையை 23,575 கோடிக்கு டிஸ்னி ஸ்டாரும், இணைய உரிமையை 23,758 கோடிக்கு வயாகாம்18 நிறுவனமும் எடுத்தன. 2023இல் வயாகாம்18இன் ஜியோசினிமா அந்த ஆட்டங்களை இலவசமாகவே காட்டியது. பெங்களூரு அணியான ஆர்சிபி ஆடும் நாள்களில் ஆஸ்டின் டவுன் சந்துகளில் கைப்பேசி இல்லாத கை இல்லை. ஏலத்தில் ஒருவரையொருவர் மிஞ்சிப் பார்த்த இரு வீட்டாரும் 2024 நவம்பரில் சம்பந்திகளாகிவிட, 2025 பிப்ரவரி 14 அன்று, தேதியின் பொருத்தத்தையும் கவனிக்க வேண்டும், ஜியோஹாட்ஸ்டார் பிறந்தது. கல்யாணச் செலவு மொய் எழுதுபவர் தலையில்தான் விடியும் என்பதால், மூன்று மாதத்துக்கு 149 ரூபாயில் தொடங்கும் சந்தா நடைமுறைக்கு வந்தது.

அரசுகள் கைகட்டி நிற்கவில்லை. தமிழ்நாட்டில் 2011இல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு இணைப்பு தந்தது. கேரளம் 2024 மார்ச்சில் சி ஸ்பேஸ் என்னும் அரசுத் திரைத்தளத்தைத் தொடங்கி, பார்க்கும் படத்துக்கு மட்டும் 75 ரூபாய் என்றது. கர்நாடகம் 2025 செப்டம்பரில் திரையரங்க நுழைவுச்சீட்டுக்கு 200 ரூபாய் உச்சவரம்பு விதிக்க, அதே மாதத்தில் உயர்நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த இடைவெளியில் சீட்டு எடுத்தவர்கள் பாக்கியசாலிகள்.

வாடிக்கையாளரைக் காக்கும் விதிகளும் உள்ளன. 2021 அக்டோபர் முதல், வங்கிக் கணக்கிலிருந்து சந்தாவைத் தானாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டில் இருபத்துநான்கு மணி நேரம் முன்னதாக அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. கேபிள் இளைஞர் வாசலில் தட்டியதற்கு ஈடாக வைக்கப்பட்ட இந்தக் குறுஞ்செய்தி, தனிநபர் கடன் வேண்டுமா என்று கேட்கும் செய்திக்கும், ஹெச்எஸ்ஆர் லேஅவுட்டில் மனை விற்கும் செய்திக்கும் நடுவே வந்து படிக்கப்படாமல் கிடக்கிறது. 2023 நவம்பர் 30 அன்று நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், சேர்வதை எளிதாகவும் விலகுவதைக் கடினமாகவும் வைக்கும் சந்தாப் பொறி உள்பட பதின்மூன்று வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடைசெய்தன. அவற்றில், விலக நினைப்பவரைக் குற்றவுணர்ச்சிக்கு ஆளாக்குவதும் ஒன்று. நீங்கள் போவதில் எங்களுக்கு வருத்தம் என்னும் பெரிய எழுத்து, அதன் கீழே பளிச்சென்ற நீலத்தில் 'தொடர்க', அதற்கும் கீழே கண்ணாடி போட்டால் மட்டும் தெரியும் சாம்பல் நிறத்தில் 'ரத்துசெய்' என்று அமைந்த திரையே இதன் இலக்கணம். கல்யாணத்துக்கு வராத உறவினரைக் குற்றவுணர்ச்சிக்கு ஆளாக்குவதில் பல தலைமுறைப் பயிற்சி பெற்ற அத்தைகளிடம் இது எடுபடவில்லை என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். அவர்களைத் தடுமாற வைப்பது அந்தச் சாம்பல் நிறம்தான்.

திட்டு என்னும் கூறு இவ்வளவு மாற்றத்திலும் அழிந்துவிடவில்லை, அது இடம்பெயர்ந்திருக்கிறது. இணைப்பைச் சரிபார்க்க வரும் பிராட்பேண்ட் பணியாளர், தமக்கு எவ்விதத் தொடர்பும் இல்லாத நிறுவனங்களின் சந்தா உயர்வுக்காக வசவு வாங்கியபின்னரே ரவுட்டரைத் தொட அனுமதிக்கப்படுகிறார். இதைவிட நிலையான ஏற்பாடு ஒன்று, மூன்று தளங்களிலும் உடன்பிறந்தோர் குடியிருக்கும் வீடுகளில் உருவாகியிருக்கிறது. ஒரே ரவுட்டர் என்பதால் நிறுவனத்தின் வரையறைப்படியே ஒரே குடும்பமாகிவிட்ட அவர்கள், பல திரை பார்க்கும் திட்டம் ஒன்றை மூத்த அண்ணி பெயரில் எடுத்து, செலவை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறார்கள். மாதத்தின் முதல் வாரத்தில் அண்ணி வசூலுக்குப் படியேறுகிறார். "இந்த மாசம் ஒரு படம்கூட முழுசா பார்க்கல அண்ணி, பாதியில சுத்திக்கிட்டே நின்னுடுச்சு, நீங்க மட்டும் கரெக்டா வந்துட்டீங்க" என்கிறார் இரண்டாம் மாடிக் கொழுந்தனார். பத்தாம் தேதிக்கு மேல் பார்க்கலாம் என்று தீர்மானமாகிறது. புது வருடத்திலிருந்து ஆளுக்கு இருபது ரூபாய் ஏன் கூடியது என்னும் கேள்விக்கு, மேலே ஏற்றிவிட்டார்கள் என்று அண்ணி சொல்கிறார்.