எக்ஸெல் சித்தப்பாவின் வியட்நாம்

"ஹனோய்க்கு ஒன்றரை நாள் தாராளம்" என்கிறார் எக்ஸெல் சித்தப்பா. எங்கள் குடும்பப் பயணம் மொத்தமே ஐந்து நாள். அதற்குள் ஹனோய், ஹாலோங் விரிகுடா, டா நாங், ஹோய் ஆன், மி சன், ஹோ சி மின் நகரம், கூ சி சுரங்கம் எல்லாம் முடிய வேண்டும். ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு ரயில் பாதை 1,726 கிலோமீட்டர். ரயிலில் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவருடைய எக்ஸெல் அட்டவணையில் அது "விமானம், 2 மணி" என்று ஒரே ஒரு மஞ்சள் கட்டம். பெட்டிக்குக் காத்திருப்பது, வரிசையில் நிற்பது, வழி தவறுவது எல்லாம் அந்த மஞ்சளுக்குள் அடக்கம்.

"சித்தப்பா, நடுவுல கொஞ்சம் ஓய்வு?"

"அதான் பஸ்ல தூங்கப்போறீங்களே!"

சாப்பாட்டுக்குப் பச்சைக் கட்டம், 15 நிமிடம். 2016இல் ஒபாமா ஹனோயில் பூன் சா சாப்பிட்ட கடையில், அவர் உட்கார்ந்த மேசையைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். மேசையைப் படமெடுக்க நேரம் உண்டு. கரியில் வாட்டிய பன்றிக்கறியும் சேமியாவும் கீரையும் வந்து சேர்வதற்குள் கட்டம் முடிந்துவிடும்.

காபியின் கதை இதைவிடப் பாவம். அங்கே காபி அவசரத்துக்குக் கிடைக்காது. தம்ளரின் அடியில் கெட்டிப்பால், அதன் தலையில் ஃபின் என்ற சின்ன வடிகட்டி. சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். நம் வீட்டில் டிகாக்‌ஷன் இறங்கும்போது யாரும் எதிரில் உட்கார்ந்து காவல் காப்பதில்லை. அங்கே உட்கார்ந்திருப்பதுதான் பாதி காபி. ஊர்க்காரர்கள் தாழ்ந்த பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரத்தைக் கரைப்பார்கள். சித்தப்பா ஒதுக்கியது 10 நிமிடம். ஏழாவது நிமிடத்தில் வடிகட்டியை விரலால் தட்டுவார். எட்டாவது நிமிடத்தில் மூடியைத் திறந்து கரண்டியால் கிளறுவார். மண்டியும் சேர்ந்து இறங்கும். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "சுமார்தான், கும்பகோணத்துக்குக் கிட்ட நிக்காது" என்று தீர்ப்பளித்து, கட்டத்தில் டிக் போடுவார். முட்டை காபிக்குத் தனிக் கட்டம், அதற்கும் 10 நிமிடம்தான்.

தெருவைக் கடப்பதற்குக் கட்டமே இல்லை. மோட்டார் சைக்கிள் வெள்ளத்துக்குள் ஒரே சீராக, நிற்காமல், ஓடாமல் நடந்தால் வண்டிகள் தாமாக விலகிப் போகும். சித்தப்பா ஓடுவார்.

மி சன் விஷயத்தில் மட்டும் சிரிப்பு வரவில்லை. சம்பா அரசர்கள் 4ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரை எழுப்பிய கோயில்கள், பெரும்பாலும் சிவனுக்கு. 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பல சிதைந்தன. 2020இல் இந்தியத் தொல்லியல் துறையினர் சீரமைக்கும்போது 9ஆம் நூற்றாண்டின் ஒற்றைக்கல் லிங்கம் ஒன்று வெளிப்பட்டது. இதற்கெல்லாம் 40 நிமிடம். பா நா மலையில், கண்ணாடி இழையால் செய்த இரண்டு பெரிய கைகள் தாங்குவதுபோல் 2018இல் திறந்த பாலத்துக்கு மூன்று மணி நேரம். கேட்டால் "போட்டோ வரணும்ல!" காசு எல்லோரும்தான் கொடுக்கிறோம், பார்க்க வேண்டியதை அவர் மட்டும் தீர்மானிப்பது அநியாயம்.

போவதும் தீபாவளி விடுமுறையில். ஹனோய் வானிலையைப் பார்த்து "வெயில் இதமா இருக்கு" என்று எழுதிவைத்தார். அக்டோபர், நவம்பரில் மத்திய வியட்நாமில் பெருமழை. ஹோய் ஆனில் ஆறு ஏறி, தெருவில் படகு விடுவதும் உண்டு. வடக்குக்கும் நடுவுக்கும் வேறு வேறு வானம் என்பதற்கு எக்ஸெல்லில் இடமில்லை.

ஆனாலும் அவர் இல்லாமல் இந்தக் குடும்பம் கிளம்பாது. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இல்லாமல் இனிஷியலோடு வாழும் தமிழர்களுக்கு மின்விசா படிவத்தில் எந்தப் பெட்டியில் எதை நிரப்புவது என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தவர் அவர்தான். அங்கே எதிலும் மீன்சாறு விழுந்துவிடும் என்று தெரிந்து, சுத்த சைவமான பெரியம்மாவுக்காக ஒவ்வோர் ஊரிலும் சைவக் கடை தேடி வைத்திருக்கிறார். ஹோ சி மின் நகரத்தில், வணிகத்துக்குப் போன தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலையும் சேர்த்திருக்கிறார். உள்ளூர் வியட்நாமியரும் ஊதுபத்தியோடு வந்து கும்பிடும் கோயில் அது. பெரியம்மா கேட்கவே இல்லை, அவராகவே சேர்த்தார்.

வியட்நாம் மின்விசா 2023 ஆகஸ்ட் முதல் 90 நாள் வரை செல்லும். ஒருமுறை நுழைய 25 டாலர். ஐந்து நாளுக்கும் அதேதான், தொண்ணூறு நாளுக்கும் அதேதான்.